கை வரையும் சின்னம்: விடுதலை ஆண்டு நிறைவு இலச்சினைகள் குறித்து ஓர் ஆய்வு

2022 ஆகஸ்ட் இரண்டாம் வாரம். திருவண்ணாமலையில் ஒரு பிளெக்ஸ் அச்சுக் கடை. விடுதலையின் 75-ஆம் ஆண்டு நிறைவுக்கு வீடுதோறும் கொடியேற்றச் சொல்லியிருந்த நாட்கள் அவை. கடையில் நிற்க இடமில்லை. எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை பேனருக்காகக் காத்திருந்தார். கணினி முன் இருந்த இளைஞர் விழா இலச்சினையை இணையத்திலிருந்து இறக்கி, பத்தடிக்கு நாலடி பேனரின் நடுவில் வைத்தார். இரண்டு பக்கமும் வெற்றிடம். படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். 75 அகன்று தடித்தது. பக்கத்தில் இருந்த கொடியின் சக்கரம் முட்டை வடிவத்துக்கு வந்தது.

“தம்பி, சக்கரம் ஏன்பா இப்படிப் படுத்துக்கிச்சு?”

“சைஸ் அப்படி டீச்சர். இழுத்தாத்தான் ஃபில் ஆகும்.”

“அப்போ இழுக்காத. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, வட்டமா இருக்கட்டும்.”

இழுக்காமல் வைத்தார். பக்கவாட்டு வெற்றிடத்தில் பக்கத்துக்கொரு பூங்கொத்து வந்து உட்கார்ந்தது. பேனர் அச்சுக்குப் போனது.

ஒரு தேசிய விழாவின் இலச்சினை தலைநகரத்தில் பிறக்கிறது. அது வாழ்வதோ இந்த மாதிரிக் கடைகளிலும், பள்ளிச் சுவர்களிலும், ஊராட்சி அலுவலக வாசல்களிலும்தான். வரைந்தவரின் கை முதல் கை. அந்த இளைஞரின் கை கடைசிக் கை. இடையே எத்தனையோ கைகள். நாடு தன் விடுதலையை நினைவுகூர ஓர் இலச்சினை எதற்கு, அதில் எதை வரைய வேண்டும், யார் வரைய வேண்டும், எப்போது அது மக்களுடையதாகிறது என்ற கேள்விகளைக் கடைசிக் கையின் பக்கத்திலிருந்து பார்க்க இந்தக் கட்டுரை முயல்கிறது. 75 முடிந்துவிட்டது, நூறு 2047-இல் வரும். இந்த இடைவெளி யோசிப்பதற்கு உரிய காலம்.

நிலைச் சின்னமும் விழா இலச்சினையும்

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். அரசுச் சின்னம் நிலையானது. சாரநாத் அசோகத் தூணின் சிங்கத் தலைப்பகுதி, குடியரசு பிறந்த 1950 ஜனவரி 26 அன்று இந்தியாவின் சின்னமானது. அரசமைப்புச் சட்ட நூலுக்காக அந்தச் சிங்கங்களை வரைந்த தீனநாத் பார்கவா, சாந்திநிகேதனில் நந்தலால் போஸின் மாணவர். சிங்கத்தின் நடையையும் முகத்தையும் நேரில் பார்த்துப் பழக கொல்கத்தா விலங்குக் காட்சிசாலைக்கு அவர் பலமுறை போய் வந்தார். கல்லில் 2,000 ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் ஒரு வடிவத்தைத் தாளுக்குக் கொண்டுவர, உயிருள்ள சிங்கத்தின் முன்னால் நின்ற அந்தப் பொறுமை இன்றைய வடிவமைப்பாளருக்கும் வேண்டியது.

அரசுச் சின்னத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. சின்னங்களும் பெயர்களும் முறையற்ற பயன்பாட்டுத் தடைச் சட்டம் 1950-இலேயே வந்தது. அரசுச் சின்னத்துக்கென்றே தனியாக 2005-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கட்டிக் காப்பதுதான் அங்கே நோக்கம்.

விழா இலச்சினையின் பிழைப்பு வேறு. அது பரவப் பிறந்தது. ஓரிரு ஆண்டு வாழ்ந்தாலும், வாழும் காலத்தில் எல்லார் கையிலும் புழங்க வேண்டும்: தபால் உறை, நாணயம், பள்ளிச் சான்றிதழ், பேருந்தின் பக்கவாட்டு, கைப்பேசியின் முகப்படம் என்று. அரசுச் சின்னத்தை வரையும் மனநிலையோடு விழா இலச்சினையை வரைந்தால் அது விறைத்து நின்றுவிடும். விளம்பரத்துக்கு வரையும் மனநிலையோடு வரைந்தால் சரக்கு விற்றதும் மறந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் மரியாதையும் நெருக்கமும் சேர்ந்த ஓர் இடம் அதற்கு உண்டு.

தபால்தலையிலிருந்து எண்ணுக்கு

விடுதலை இந்தியா தன்னைப் படமாகக் காட்டிக்கொண்ட முதல் இடங்களில் ஒன்று தபால்தலை. 1947 நவம்பர் 21 அன்று வந்த மூன்றரை அணா தபால்தலையில் தேசியக் கொடி பறந்தது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று அசோகத் தூணின் சிங்கங்கள் ஒன்றரை அணாவிலும், விமானம் பன்னிரண்டு அணாவிலும் வந்தன. கொடி, பழம்பெருமை, வரப்போகும் காலம் என்று மூன்று சிறு தாள்களில் ஒரு புதிய நாடு தன்னை அறிமுகம் செய்துகொண்டது. அப்போது தனி இலச்சினை என்ற பேச்சே இல்லை. படமே பேசியது.

வெள்ளி விழா ஆண்டான 1972-இல் வெளியான நினைவு நாணயத்தில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் கொடியோடு நிற்கிறார்கள். பொன்விழா ஆண்டான 1997-இன் ஐம்பது காசில் தண்டி யாத்திரை இருக்கிறது. இரண்டிலும் மனிதர்கள் உண்டு. யாரோ எதையோ செய்கிறார்கள். தாத்தா பேரனிடம் காட்டிக் கதை சொல்ல அதில் ஒரு காட்சி இருந்தது.

75-ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. தண்டி யாத்திரை தொடங்கிய அதே மார்ச் 12-ஐத் தேர்ந்து, 2022 ஆகஸ்ட் 15-க்கு 75 வாரங்கள் இருக்கும்போது, 2021-இல் சபர்மதி ஆசிரமத்தில் விழா தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 15 வரை நீண்டது. மூவண்ணமும் 75 என்ற எண்ணும்தான் இந்த முறை இலச்சினையின் உயிர். 2022 ஜூன் 6 அன்று 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்கள் இந்த இலச்சினையோடு வெளியாயின. பெட்டியில் பூட்டி வைக்கும் நினைவு நாணயங்களாக இல்லாமல் புழக்கத்துக்கே விடப்பட்டவை அவை. பூக்கடையில் மீதிச் சில்லறையாக அந்த நாணயம் நம் கைக்கு வந்ததே, இலச்சினை மக்களை அடைந்த வழிகளில் சிறந்தது என்பேன்.

இந்தப் பயணத்தில் ஒரு போக்கு தெரிகிறது. காட்சி குறைந்து எண் வளர்ந்திருக்கிறது. அதற்கு நியாயம் உண்டு. கைப்பேசித் திரையில் நகம் அளவுக்குச் சுருங்கும்போது தண்டி யாத்திரை வெறும் புள்ளிக் கூட்டமாகிவிடும்; 75 அப்போதும் 75-ஆகத் தெரியும். ஆனால் எண் எத்தனை ஆண்டு என்று சொல்லும், எதன் ஆண்டு என்று சொல்லாது. ஒரு வங்கிக்கும் 75 ஆகும், ஒரு பள்ளிக்கும் 75 ஆகும். நாட்டின் 75-க்கு உள்ளே உப்பும் சிறையும் பட்டினியும் இருக்கின்றன. அந்தப் பாரத்தை எண் தனியாகச் சுமக்க முடியாது. நல்ல இலச்சினை எண்ணுக்கு ஒரு துணையைத் தேடித் தர வேண்டும்.

எந்தக் கோபுரம்?

துணை தேடும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. எதை வரைந்தாலும், அது யாருடையது என்று ஒரு கேள்வி எழும்.

நமக்கு மிக அருகில் இருக்கும் பாடம் தமிழ்நாடு அரசின் சின்னம். 1949-இல் ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ் வரைந்தது. நடுவில் கோபுரம், முன்னால் அசோகச் சிங்கங்கள், இரண்டு பக்கமும் தேசியக் கொடி. மதச்சார்பற்ற அரசுக்குக் கோவில் கோபுரம் பொருந்துமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. இது இந்த மண்ணின் கட்டடக்கலைக்கு அடையாளம் என்ற விளக்கம் நிலைத்தது. முதலில் ‘சத்யமேவ ஜயதே’ என்று இருந்த வாசகம் 1967-க்குப் பிறகு தி.மு.க. ஆட்சியில் ‘வாய்மையே வெல்லும்’ ஆனது. வடிவம் அப்படியே நின்றது, மொழி மட்டும் வீட்டுக்கு வந்தது.

அது எந்தக் கோபுரம் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுரம் என்பது ஊரறிந்த பேச்சு. மதுரை மீனாட்சி கோவிலின் மேலைக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாக ஓவியரே சொன்னார் என்பது மறுபக்கம். நானோ சிறுவயதில் பாடப்புத்தக அட்டையில் இருந்தது எங்கள் ஊரான திருவண்ணாமலையின் ராஜகோபுரம் என்றே நினைத்திருந்தேன். பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் அண்ணாந்து பார்க்கும், பதினோரு நிலை, 217 அடி உயரக் கோபுரம் இருக்கும்போது புத்தகத்தில் வேறு யார் கோபுரம் இருக்கப்போகிறது? மதுரையிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தஞ்சையிலும் பிள்ளைகள் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஒரு வடிவத்தைப் பார்த்து ஒவ்வொருவரும் தன்னுடையது என்று உரிமை கொண்டாடுவதைவிடப் பெரிய வெற்றி ஓர் ஓவியருக்கு இல்லை. கிருஷ்ணாராவின் கோடு ஒரு குறிப்பிட்ட கோபுரத்திலிருந்து புறப்பட்டு, எல்லாக் கோபுரத்துக்கும் பொதுவான இடத்தில் போய் நின்றது.

இதற்கு எதிர்த்திசையில் நடந்தவையும் உண்டு. 2022 நவம்பர் 8 அன்று இந்தியாவின் ஜி-20 தலைமைக்கான இலச்சினை வெளியானபோது அதில் இருந்த தாமரை சர்ச்சையானது. தேசிய மலர் என்றது அரசு. ஆளுங்கட்சியின் தேர்தல் சின்னம் என்றது எதிர்க்கட்சி. இரண்டும் உண்மையாக இருந்ததுதான் சிக்கல். அதே ஆண்டு ஜூலையில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் வைத்த வெண்கலச் சிங்கங்களின் முகம் சாரநாத் சிங்கங்களைப்போல் அமைதியாக இல்லை என்று ஒரு விவாதம் மூண்டது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டின் நிதிநிலை அறிக்கை இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டுக்குப் பதில் ‘ரூ’ என்ற தமிழ் எழுத்து வந்தபோது நாடே பேசியது.

அந்த ரூபாய்க் குறியீட்டின் கதை எங்களுக்கு அடுத்த வீட்டுக் கதை. அதை வடிவமைத்த உதயகுமார் எங்கள் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலையும் மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பும் பயின்று, தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர். 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்த போட்டியில் தேர்வான அவருடைய குறியீட்டை 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றது. தேவநாகரி ‘ர’வும் ரோமன் எழுத்தும் அதில் ஒன்றாகின்றன, மேலே உள்ள இரண்டு கிடைக்கோடுகளும் நடுவெளியும் கொடியை நினைவூட்டுகின்றன. காய்கறி வண்டிக்காரர் சிலேட்டில் சுண்ணக்கட்டியால் மூன்று இழுப்பில் அதைப் போட்டுவிடுகிறார். ‘ரூ’ என்று எழுதும் கடைக்காரரும் பக்கத்திலேயே இருக்கிறார். இரண்டும் கைக்குப் பழகிய கோடுகள் என்பதால்தான் அந்த விவாதம் அவ்வளவு சூடாக இருந்தது என்று நினைக்கிறேன். கைக்குப் பழகாத ஒன்றுக்காக யாரும் வாதாடுவதில்லை.

பிற நாடுகள் செய்தது

கனடா 1967-இல் தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது ஸ்டூவர்ட் ஆஷ் என்ற இளம் வடிவமைப்பாளர் பதினொரு சமபக்க முக்கோணங்களால் ஒரு மேப்பிள் இலையை அடுக்கினார். பத்து மாகாணங்களுக்குப் பத்து, வடக்கு நிலப்பகுதிக்கு ஒன்று. அளவுகோல் இருந்தால் பள்ளிப் பிள்ளையும் அதை வரையலாம். அரசும் அதை எல்லாரும் பயன்படுத்தும்படி விட்டுக்கொடுத்தது. தேவாலயம் முதல் மளிகைக் கடை வரை அந்த இலை முளைத்தது.

அமெரிக்காவின் இருநூறாம் ஆண்டு 1976. புரூஸ் பிளாக்பர்ன் வரைந்த ஐந்துமுனை நட்சத்திரத்தைச் சுற்றி, துணி மடிப்புபோல வளைந்த பட்டைகள் இன்னொரு நட்சத்திரமாகின்றன. அந்த இலச்சினை கென்னடி விண்வெளி மையத்தின் மாபெரும் கட்டடச் சுவரிலும் ஏறியது, அந்த ஆண்டு செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலத்திலும் போனது. சுவரளவுக்கும் தகடளவுக்கும் ஒரே கோடு தாங்கியது.

சிங்கப்பூரின் 2015 பொன்விழா நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. நான்கு ஆட்சிமொழிகள் உள்ள நாடு இலச்சினையில் எந்த மொழியில் எழுதும்? எந்த மொழியிலும் முழுப்பெயரை எழுதாமலே விட்டார்கள். ஒரு சிவப்பு வட்டம், அதற்குள் நாட்டின் பெயரைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், 50 என்ற எண். உலக வரைபடத்தில் சிறு சிவப்புப் புள்ளி என்று முன்பு யாரோ சிறுமைப்படுத்திப் பேசியதாகச் சொல்லப்பட்ட சொல்லையே எடுத்து நெற்றிப் பொட்டாக வைத்துக்கொண்டது அந்த நாடு. அந்த வட்டத்துக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. எண்ணுக்குத் துணை கிடைத்துவிட்டது.

போட்டியும் கூலியும்

யார் வரைவது என்ற கேள்விக்கு இப்போது பெரும்பாலும் ஒரே பதில்: பொதுமக்களுக்குப் போட்டி வையுங்கள். இந்தியாவிலும் அரசுத் திட்டங்களின் இலச்சினைகள் பல, மக்கள் பங்கேற்பு இணையதளத்தில் போட்டி வைத்தே தேர்வாகின்றன. தூய்மை இந்தியா திட்டத்தின் காந்தி மூக்குக்கண்ணாடி அப்படி வந்ததுதான். ஒரு மனிதரின் முகமே இல்லாமல் அவரைக் கொண்டுவந்த அந்த எளிமை, போட்டியால் நல்லதும் விளையும் என்பதற்குச் சான்று.

மறுபக்கமும் இருக்கிறது. கனடா தன் 150-ஆம் ஆண்டுக்கு, 2017-க்காக, மாணவர்களுக்கு மட்டும் போட்டி வைத்தது. பல்கலைக்கழக மாணவி ஏரியானா குவின் வரைந்த, பதின்மூன்று சாய்சதுரங்களாலான மேப்பிள் இலை வென்றது. பரிசு 5,000 டாலர். வடிவம் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்நாட்டு வடிவமைப்பாளர்கள் போட்டி முறையையே எதிர்த்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் உழைத்து ஒருவர் மட்டும் பரிசு வாங்கும் ஏற்பாடு, மற்ற அனைவரின் உழைப்பையும் இலவசமாக எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. கோவில் தேருக்குச் சிற்பம் செதுக்க நூறு ஸ்தபதிகளை அழைத்து, ஒருவருக்கு மட்டும் கூலி கொடுத்தால் ஊர் ஒப்புமா?

மூடிய அறையில் சிலரை மட்டும் அழைத்து வரையச் சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்காக 2015-இல் வெளியிட்ட இலச்சினை, பெல்ஜிய நாடக அரங்கு ஒன்றின் இலச்சினையைப்போல இருக்கிறது என்ற புகாரால் சில வாரங்களில் திரும்பப் பெறப்பட்டது. பிறகு நாட்டையே அழைத்துப் போட்டி வைத்தார்கள். 14,000-க்கும் மேற்பட்டவை வந்தன. அவற்றிலிருந்து அசாவ் டொகோலோவின் நீலக் கட்டங்களாலான வளையம் 2016-இல் தேர்வானது.

இரண்டு முறைகளின் நல்லதையும் சேர்க்கலாம். கருத்தை எல்லாரிடமும் கேட்கலாம்: எதை நினைவுகூர வேண்டும், எது உங்கள் ஊரின் விடுதலை நினைவு என்று. வந்த கருத்துகளிலிருந்து வடிவம் செய்யத் தேர்ந்த சிலருக்கு உரிய கூலி கொடுத்து வேலை தரலாம். தேர்வாகாத வரைவுக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே அறிவிக்கலாம். தேர்வுக் குழுவில் அதிகாரிகளோடும் ஓவியர்களோடும் ஒரு பள்ளி ஓவிய ஆசிரியரும் ஓர் அச்சுக்கடைக்காரரும் உட்கார வேண்டும். அவர்கள்தான் கடைசிக் கையின் கஷ்டம் அறிந்தவர்கள்.

வடிவத்துக்கு வைக்க வேண்டிய சோதனைகள்

வண்ணம் முதல் சோதனை. இந்திய விழா என்றதும் காவி, வெள்ளை, பச்சை என்று கை தானாகப் போகும். நாணயத்தில் வண்ணம் கிடையாது. தலைமையாசிரியரின் ரப்பர் ஸ்டாம்பில் கிடையாது. ஜெராக்ஸ் எடுத்த சுற்றறிக்கையில் காவியும் பச்சையும் ஒரே சாம்பல்தான். 2022 நாணயங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மூவண்ணத்தை நம்பிப் பிறந்த வடிவம், உலோகத்தில் மேடு பள்ளமாக மட்டுமே நிற்க வேண்டியிருந்தது. பார்வையற்றவர் விரலால் தடவி அறிய வேண்டிய பொருள் அது. அதனால் கருப்பு மசியில் ஒரே கோடாக வரைந்தாலும் உயிர் போகாத வடிவமே வேண்டும். வண்ணம் பண்டிகைக்குக் கட்டும் பட்டு. உடம்பு அதற்குள் திடமாக இருக்க வேண்டும்.

மொழி அடுத்தது. 75-ஆம் ஆண்டு விழாவின் இந்திப் பெயர் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதப்பட்டது; விடுதலையின் அமிர்தப் பெருவிழா, சுதந்திரத்தின் அமுதப் பெருவிழா என்று தமிழிலும் பலவாறு வழங்கியது. எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ள நாட்டில், பெயரை நம்பி நிற்கும் இலச்சினை எல்லை தாண்டும்போதெல்லாம் உடை மாற்ற வேண்டியிருக்கும். பெயர் இல்லாமலும் நிற்கும் வடிவம் ஒன்று வேண்டும். அதன் கீழே பெயர் அந்தந்த மொழியில், முதலிலிருந்தே அந்த மொழியின் எழுத்தழகோடு, மொழிபெயர்ப்பின் வாடை இல்லாமல் எழுதப்பட வேண்டும்.

தூரமும் அளவும் அதற்குப் பிறகு. பேருந்து நிலையத்தின் மறுகோடியிலிருந்தும் தெரிய வேண்டும், சட்டைப் பொத்தானளவிலும் தெரிய வேண்டும். இழுத்தால் கெடும் என்பது பார்த்தவுடன் புரிய வேண்டும். முட்டையான சக்கரத்தை அந்த ஆசிரியை கண்டுபிடித்தது, சக்கரம் வட்டம் என்று அவருக்கு ஏற்கனவே தெரியும் என்பதால்தான். மேகம்போல் குழைந்த ஒரு வடிவத்தை யாராவது இழுத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மக்களின் கண்ணே காவலாக நிற்கும் வடிவத்துக்கு விதிப் புத்தகம் அதிகம் தேவைப்படாது.

மலையும் சுடரும்

திருவண்ணாமலையில் யாரும் போட்டி வைக்காமல், குழு அமைக்காமல் வந்த ஓர் இலச்சினை இருக்கிறது. கீழிருந்து மேலே ஒரு சாய்கோடு, மேலிருந்து கீழே ஒரு சாய்கோடு, உச்சியில் ஒரு சுடர். ஆட்டோவின் பின்பக்கம், டீக்கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, லாரி முகப்பு, துணிக்கடைப் பை என்று எங்கே பார்த்தாலும் இருக்கிறது. வரைந்தவர் பெயர் கிடையாது. 2,668 அடி மலையையும், கார்த்திகையில் கொப்பரையில் ஏற்றிப் பதினொரு நாள் எரியும் மகா தீபத்தையும் மூன்று இழுப்பில் கொண்டுவந்துவிடுகிறது அது. சுவரெழுத்துக்காரர் தூரிகையால் வரைந்தாலும், பிள்ளை சிலேட்டில் கிறுக்கினாலும் அண்ணாமலைதான். கோணல் கொஞ்சம் மாறினாலும் யாரும் குறை சொல்வதில்லை.

ஏன் இது இவ்வளவு உறுதியாக நிற்கிறது? எளிய வடிவம் என்பது ஒரு காரணம். அந்தப் படத்துக்குப் பின்னால் ஊரே சேர்ந்து செய்யும் ஒரு செயல் இருப்பது அதைவிடப் பெரிய காரணம். தீபம் ஏறும் அந்த நொடியில் வீட்டு வாசல்களில் காத்திருந்த அகல்கள் எல்லாம் எரியத் தொடங்கும். படம் அந்தச் செயலின் சுருக்கெழுத்து.

நினைவுகூரல் என்றால் என்ன என்பதற்கு இந்த ஊரில் இன்னொரு சான்றும் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்ட ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளருக்குப் பிள்ளை இல்லை என்பார்கள். அண்ணாமலையாரே அவருக்கு மகனானார் என்பது ஊரின் நம்பிக்கை. கோவிலுக்குள் வல்லாள மகாராஜா கோபுரம் அவர் பெயரைச் சொல்லி நிற்கிறது. ஆனால் அவரை உயிரோடு வைத்திருப்பது கோபுரத்தைவிட, மாசி மாதத்தில் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளி அவருக்குத் திதி கொடுக்கும் சடங்கு. ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுக்கு முன் மறைந்த ஒருவரை ஒரு ஊர் இப்படி ஆண்டுதோறும் நினைக்கிறது. கல் காட்டும், செயல்தான் நினைக்க வைக்கும்.

மாட வீதிகளில் மார்கழி விடியலில் போடும் புள்ளிக்கோலத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. முதலில் புள்ளி, பிறகு இழை. புள்ளிகள் சரியாக இருந்தால் புதிதாகக் கற்கும் பெண்ணின் கோலமும் குலையாது. எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று சொன்னால் போதும், தாயிடமிருந்து மகளுக்கு வடிவம் போய்விடும். இன்று ஓர் இலச்சினை வெளியாகும்போது கூடவே ஒரு விதிக் கையேடும் வருகிறது: வண்ண எண்கள், விளிம்பு இடைவெளி, எழுத்துரு. எல்லாம் கணினிக்குச் சொல்பவை. கைக்குச் சொல்வது ஒரு பக்கம்கூட இருப்பதில்லை. கோலத்துக்கு இருப்பதுபோல, இத்தனை புள்ளி வை, இப்படி இழு என்ற ஒரு பக்கம் ஒவ்வொரு தேசிய இலச்சினையோடும் வர வேண்டும். அப்படி ஒரு பக்கம் எழுத முடியாத வடிவமாக இருந்தால், அதைத் திருத்தி வரையச் சொல்ல வேண்டும்.

2047-க்கு

நூறாம் ஆண்டின் இலச்சினையில் 100 என்ற எண் வரும் என்பதில் ஐயமில்லை. தமிழ் எண் முறையில் நூறுக்கு ஒற்றைக் குறி உண்டு: ௱. கோவில் சுவர்க் கல்வெட்டுகளில் நிலத்தையும் நெல்லையும் கணக்கிட்ட நம் முன்னோர் நூறை ஒரே குறியில் வெட்டியிருக்கிறார்கள். இன்று அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் இன்னும் இருபதாண்டு இருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் தன் மொழியின் எண் வடிவத்தில் நூறை எழுதிக் காட்ட, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வடிவம் மட்டும் மாறாமல் நிற்கும் ஏற்பாட்டை இப்போதிருந்தே யோசிக்கலாம். எல்லாக் கோபுரங்களையும் தாங்கிய கிருஷ்ணாராவின் ஒரு கோபுரம்போல.

பொதுவாக நிற்க எது தகும் என்று என்னைக் கேட்டால், சக்கரம் என்பேன். 1947 ஜூலை 22 அன்று கொடியின் நடுவில் இடம்பெற்றது அது. கட்சி இல்லை, மொழி இல்லை. இருபத்துநான்கு ஆரங்கள் இருப்பதால் வரைவது கடினம் என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த ஆகஸ்ட் 15 காலையில், பிளெக்ஸ் கடையில் பார்த்த ஆசிரியையின் பள்ளிக்குப் போயிருந்தேன். பேனர் சுவரில் கட்டியிருந்தது; இலச்சினை சிறியதாக, வட்டம் வட்டமாகவே இருந்தது. பிள்ளைகள் அதைப் பார்க்கவில்லை. மைதானத்தில் குனிந்திருந்தார்கள். நடுவில் ஒரு குச்சி, அதில் கட்டிய கயிறு, மறுமுனையில் ஒரு சிறுமி கோலமாவோடு சுற்றி வந்தாள். வட்டம் விழுந்தது. ஆசிரியை சொல்லச் சொல்ல முதலில் ஒரு கூட்டல் குறி; நாலு ஆரம். அதற்கு நடுவே ஒரு பெருக்கல் குறி, எட்டு. பிறகு ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டிரண்டு கோடு. கடைசிக் கோடு போட்டவுடன் அந்தச் சிறுமி வட்டத்தைச் சுற்றி நடந்து எண்ணினாள்.

“டீச்சர், இருபத்துநாலு. சரியா வந்துடுச்சு.”

மறுவாரம் மழையில் பேனர் கிழிந்தது. கோலமாவும் கரைந்திருக்கும். ஆனால் கூட்டல், பெருக்கல், இரண்டிரண்டு கோடு என்ற அந்த வழி அந்தக் கைகளில் இருக்கிறது. 2047-இல் அந்தப் பிள்ளைகளுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடிகிற ஒரு வடிவத்தை நாடு அன்று தர வேண்டும்.